றோஸ்லி, பெண், 36

கண் துடித்தால் ஆள் வரும் என்பார்கள்,
உள்ளங்கை அரித்தால் காசு.
இடது கட்டைவிரலின் அடிச்சதைக்கு
எவரும் ஒரு சாத்திரமும் சொல்லி வைக்கவில்லை.
வலி கிடையாது.
தோலுக்கடியில் ஒரு நெத்தோலி
வாலைச் சுண்டுவது போல.
இன்று இருபத்திமூன்றாம் நாள்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் கீழே எங்கள் லேப்.
கனமாய் ஒரு பஸ் மேலே போனால்
ரேக்கில் ரத்தக் குழாய்கள்
ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொள்ளும்.
காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்குகையில்
வெறும் வயிற்றோடு நின்றிருப்பார்கள்
அருமனையிலிருந்தும் கருங்கலிலிருந்தும்
முதல் பஸ் பிடித்தவர்கள்.
ரப்பர்பால் வாடை போகாத கைகளை நீட்டுவார்கள்.
ஒரு நாளைக்கு நாற்பது கை.
நாற்பது தடவை சொல்வேன்,
"ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி."
சொல்லிச் சொல்லித் தேய்ந்து
எனக்கென்று எடுத்துவைக்க
ஒரு ஒண்ணுமில்ல மிச்சமில்லை.

ஜெஸ்டஸிடம் காட்டினேன்.
குழம்புக் கையாலேயே பிடித்துப் பார்த்தான்.
துடிக்கவில்லை.
விருந்தாளி முன்னால் வாய் திறக்காத பிள்ளை அது.
"உனக்கு வேற சோலி இல்லியா" என்று
கை கழுவப் போனான்.
துடித்தது.

இரவு இரண்டு மணிக்குப்
போர்வைக்குள் போனை ஒளித்து வாசித்தேன்.
விரலில் தொடங்கி, தோளேறி, நாக்கேறி,
எட்டு வரிக்குள் என்னைச் சக்கரநாற்காலியில் உட்காரவைத்து
மகள் ஆறாங்கிளாஸ் முடிக்குமுன்
கொண்டுபோய்ப் புதைத்தது.
எழுந்தேன்.
ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறந்தேன், மூடினேன்,
திறந்தேன். பலம் இருக்கிறது.
நாக்கு குழறுகிறதா என்று இருட்டில் நின்று
குழித்துறை, கழுவன்திட்டை, ஆரல்வாய்மொழி
மூன்று முறை சொன்னேன்.
மூன்று முறையும் ஊர் ஊராகவே இருந்தது.

மறுநாள் ஆள் வருமுன்
நாடாவைப் பல்லால் இழுத்துக் கட்டி
என் நரம்பில் நானே குத்தினேன்.
குழாயில் ஒட்ட ஒரு பெயர் வேண்டும்.
றோஸ்லி, பெண், 36 என்று எழுதினேன்.
கால்சியம், மக்னீசியம், தைராய்டு, பி பன்னிரண்டு.
எல்லாம் வரம்புக்குள்.
சாயா குடித்து முடிக்கும்வரை சந்தோஷம்.
பிறகு தோன்றியது, மெஷின் பழையது.
அடுத்த வாரம் றோஸ்லி மறுபடி வந்தாள்.
அதற்கடுத்த வியாழனும்.
காசை நான்தான் போட்டேன்.

வில்பிரட் சார் கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"யாரு பிள்ளே இந்த றோஸ்லி?
மாசத்துல மூணு தடவ. ஒரு சூக்கேடும் இல்ல.
பாவம், வீட்டுல
பேசக் கொள்ள ஆளு கெடையாதோ?"
எனக்குப் பழக்கமில்லை என்றேன்.
அன்று பொழுதடையும்வரை
றோஸ்லிக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட
வாய் திறக்கமாட்டாள் அவள்.
மடியில் பையை வைத்து
அதற்கடியில் கையை ஒளித்துக்கொள்வாள்.

இன்று திங்கள். கூட்டம்.
திக்குறிச்சியிலிருந்து ஒருவர்.
நாற்பது வருடம் நெற்றியில் விளக்கைக் கட்டி
இருட்டில் பட்டை சீவியவர்,
கத்தி மயிரளவு ஆடினாலும் தெரியும்.
அவர் நரம்பை அழுத்திப் பிடித்த விரலுக்குள்
நெத்தோலி வாலைச் சுண்டியது.
"கை வெறைக்குதா பிள்ளே?"
"இல்ல மாமா. மேல பஸ்ஸு போவுது.
பஸ்ஸு போனா அதிரும்."

வாயில் அப்படி வந்துவிட்டது.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.
ஒரு சைக்கிள் போகிற சத்தம்கூட இல்லை.
ரேக்கில் குழாய்கள் அசையாமல் நின்றன.
அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.
இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.
"போவட்டு" என்றார்,
"போன பெறவு குத்து."